தமிழில் மருத்துவம் கற்பித்த டாக்டர் கிரீன்

(நமது குஷாய்குடா நிருபர்)

குஷாய்குடா, மௌலாலி, ஈ.சி.ஐ.எல். வட்டாரத்தில் இன்று திரும்பிய பக்கமெல்லாம் நர்ஸிங் ஹோம்கள். அவற்றில் பணிபுரியும் நர்ஸுகளிலும் லேப் ஊழியர்களிலும் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. நோயாளி தன் நோவைத் தெலுங்கிலோ உருதுவிலோ சொல்வார். கேஸ் ஷீட்டில் எழுதுவது ஆங்கிலத்தில். வீட்டில் பேசுவது தமிழ். மருந்தும் கருவியும் சிகிச்சை முறையும் வருஷத்துக்கு வருஷம் மாறிக்கொண்டே இருக்கின்றன. பரீட்சை எழுதித் தேறி வேலையில் அமர்ந்துவிட்டால் படிப்பு முடிந்தது என்று இந்தத் தொழிலில் எவரும் இருந்துவிட முடியாது. பதிவைப் புதுப்பிக்க வேண்டுமானால் தொடர்ந்து படித்ததற்குக் கணக்குக் காட்டு என்று கவுன்சில்களே கேட்கின்றன.

ஆனால் புதிய மருத்துவ அறிவு இவர்களிடம் எந்த மொழியில் வந்து சேர வேண்டும்? பட்டணத்து ஆஸ்பத்திரியைத் தாண்டிக் கிராமத்து வைத்தியர் வரை அது எப்படிப் போய்ச் சேரும்? இந்தக் கேள்விகள் புதியவை அல்ல. ஏறத்தாழ 175 ஆண்டுகளுக்கு முன்பே இவற்றை எடுத்துக்கொண்டு, தம் ஆயுளின் பெரும்பகுதியை அதிலேயே செலவிட்ட ஒருவர் இருந்தார். அவர் தமிழர் அல்லர், அமெரிக்கர். டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்பது அவர் பெயர்.

பிறப்பும் படிப்பும்

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்ற ஊரில், கிரீன் ஹில் என்னும் குடும்பப் பண்ணையில் 1822-ம் ஆண்டு அக்டோபர் 10-ம் தேதி பிறந்தார் கிரீன். தந்தையார் வக்கீல். பெரிய குடும்பம். அண்ணன் ஆண்ட்ரூ கிரீன் பிற்காலத்தில் நியூயார்க் நகரின் அமைப்பையே மாற்றியவர். அந்நகரின் புகழ்பெற்ற சென்ட்ரல் பார்க் உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அண்ணன் நியூயார்க்கில் பேர் எடுத்தார். தம்பி யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பேர் எடுத்தார்.

நியூயார்க்கில் மருத்துவம் படித்து 1845-ம் ஆண்டில் பட்டம் பெற்றார் கிரீன். அமெரிக்கன் மிஷன் சார்பில் 1847-ம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ 25.

அவர் வருமுன்பே யாழ்ப்பாணத்தில் மிஷன் டாக்டர்கள் இருந்தார்கள். முதலில் வந்தவர் டாக்டர் ஜான் ஸ்கட்டர். பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்துவிட்டு, 1836-ல் சென்னைப் பக்கம் சென்றவர். இவருடைய பேத்தி ஐடா ஸ்கட்டர்தான் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தோற்றுவித்தவர். குஷாய்குடாவிலிருந்து வேலூருக்கு வைத்தியத்துக்கு ரயில் ஏறும் வாசகர்களுக்கு இந்த உறவு சுவையாக இருக்கும்.

மானிப்பாய் வகுப்பு

கிரீன் முதலில் வட்டுக்கோட்டையில் தங்கினார். 1848-ல் மானிப்பாய்க்கு மாறினார். அங்கே நோயாளிகள் திரண்டு வந்தார்கள். அம்மையும் காலராவும் அடிக்கடி தலைகாட்டிய காலம். பிரசவத்தில் தாயும் பிள்ளையும் மாண்டுபோவது சகஜமாக இருந்தது. ஒரே ஒரு டாக்டர் இரவு பகலாக ஓடினாலும் எத்தனை வீட்டு வாசலை மிதிக்க முடியும்? தாம் ஒருவர் வைத்தியம் பார்ப்பதைவிட, வைத்தியம் பார்க்கத் தெரிந்த பலரை உண்டாக்குவதே வழி என்று கிரீன் கண்டார். வந்த மறு வருஷமே மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு வகுப்புத் தொடங்கிவிட்டார்.

ஆரம்ப வகுப்புகள் ஆங்கிலத்தில்தான் நடந்தன. வட்டுக்கோட்டை செமினரியில் ஆங்கிலம் படித்த பிள்ளைகள் கிடைத்ததால் அது சுலபமாக இருந்தது. இந்த மாணவர்கள் சிலரின் பெயர்களைப் படித்தால் வெள்ளைக்காரர்களோ என்று தோன்றும். டான்ஃபோர்த், சாப்மன், பால் என்றெல்லாம் இருக்கும். எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழர்களே. படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்கக் கனவான்களின் பெயரைப் பிள்ளைகளுக்கு இடுவது அந்தக் காலத்து மிஷன் வழக்கம்.

படித்தவர்கள் எங்கே போனார்கள்?

வகுப்பு நன்றாகவே நடந்தது. ஆனால் சில ஆண்டுகளில் ஒரு விஷயம் கிரீன் மனத்தை உறுத்தத் தொடங்கியது. ஆங்கிலத்தில் வைத்தியம் கற்றவர்களில் பலர் சர்க்கார் உத்தியோகத்துக்கும் மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களுக்கும் போய்விட்டார்கள். சம்பளம் அங்கேதான் இருந்தது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் எந்தக் கிராமத்துக்காக அவர்களைத் தயார் செய்தாரோ, அந்தக் கிராமத்தில் வைத்தியர் இல்லாமலே போயிற்று. நடை உடை பாவனையிலும் அவர்கள் ஊரை விட்டு விலகிப் போனார்கள். தம் மாணவர்கள் கோட்டும் காற்சட்டையும் மாட்டிக்கொண்டு வெள்ளைக்காரரைப் போல நடப்பதைக் கிரீன் விரும்பவில்லை. தமிழர் தமிழராகவே இருந்து வைத்தியம் செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை.

1857-ம் ஆண்டில் உடல்நலம் குன்றி அமெரிக்கா சென்றார். 1862-ல் மார்கரெட் வில்லியம்ஸ் என்ற அம்மையாரை மணந்து, மனைவியோடு மானிப்பாய் திரும்பினார். 1864-ம் ஆண்டு முதல் மருத்துவ வகுப்பு முழுவதையும் தமிழிலேயே நடத்துவது என்று துணிந்தார். இந்தத் துணிச்சல் சாதாரணமானது அன்று. தமிழில் அப்போது மேல்நாட்டு மருத்துவப் பாடநூல்களும் போதிய அளவில் இல்லை, அவற்றுக்கு வேண்டிய சொற்களும் போதிய அளவில் இல்லை. இரண்டையும் அவரே உண்டாக்க வேண்டியிருந்தது.

சொல்லும் நூலும்

அதற்கான அஸ்திவாரத்தை முன்பே போட்டு வைத்திருந்தார் கிரீன். கட்டர் என்பவர் எழுதிய உடற்கூற்று நூலையும், மான்செல் என்பவரின் பிரசவ நூலையும் 1857-க்குள்ளாகவே தமிழில் கொண்டுவந்துவிட்டார். 1864-க்குப் பிறகு வேலை வேகம் எடுத்தது. அறுவை மருத்துவம் பற்றிய டுரூயிட் நூல் 1867-ல் 'இரண வைத்தியம்' ஆயிற்று. உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் இன்றும் புரட்டும் கிரேயின் உடற்கூற்று நூல் 1872-ல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் தமிழில் வந்தது. 'வைத்தியாகரம்' என்ற பெரிய நூலும் அதே காலத்தது. ரசாயன நூல் ஒன்று 1875-ல் 'கெமிஸ்தம்' என்று வெளிவந்தது. எல்லாம் சேர்ந்து 4,000 பக்கத்துக்கு மேல்.

கிரீன் தனியாக இதைச் செய்யவில்லை. முதல் மாணவர்களே மொழிபெயர்ப்பாளர்கள் ஆனார்கள். அவர்கள் தமிழில் எழுத, கிரீன் வரி வரியாக மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். டான்ஃபோர்த்தும் சாப்மனும் சுவாமிநாதனும் இப்படி உழைத்தவர்கள். நேற்றுப் படித்தவர் இன்று படிப்பவருக்கு நூல் எழுதிக் கொடுத்தார்.

கலைச்சொல் விஷயத்தில் கிரீன் ஒரு வரிசை வைத்திருந்தார். முதலில் தமிழில் சொல் உண்டா என்று தேடுவது. இல்லையானால் சமஸ்கிருதத்தில் பார்ப்பது. அங்கும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைய மாற்றிக்கொள்வது. அங்காதிபாதம் என்ற சொல்லைப் பாருங்கள். பாதாதிகேசம் பாடிப் பழகிய தமிழ்க் காதுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. மூன்றாவது வழியில் வந்தது கெமிஸ்தம். சொற்களைத் தொகுத்து அரும்பத அகராதிகளும் அச்சிட்டார். இன்று அவர் சொற்களில் பல வழக்கில் இல்லை. ஆனாலும் அவர் போட்ட பாதையில்தான் பின்வந்தவர்கள் நடந்தார்கள்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கிரீன் மதப் பிரசாரத்துக்காக வந்தவர். அதை அவர் மறைத்ததும் இல்லை, மறந்ததும் இல்லை. அவர் பிறந்த அதே 1822-ம் ஆண்டில் பிறந்தவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். மிஷனரிகளை எதிர்த்துச் சைவத்தைக் காத்தவர். இருவரும் எதிர் எதிர்க் கரையில் நின்றவர்கள். ஆயினும் இருவரும் தமிழ் உரைநடையையே கருவியாகக் கொண்டார்கள். ஒருவர் சமயமும் இலக்கணமும் எழுத, மற்றவர் எலும்பும் நரம்பும் எழுதினார். இரண்டினாலும் தமிழுக்கு லாபமே.

கடைசி பதினொரு ஆண்டுகள்

60-க்கும் மேற்பட்ட தமிழ் வைத்தியர்களைக் கிரீன் உருவாக்கினார். ஏறத்தாழ பாதிப் பேர் தமிழ் வழியில் கற்றவர்கள். 1873-ம் ஆண்டில் உடல் மறுபடியும் தளர்ந்தது. குடும்பத்தோடு அமெரிக்கா திரும்பினார். பிறகு அவர் யாழ்ப்பாணத்தைப் பார்க்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு கிரீன் செய்ததுதான் நம் மனத்தைத் தொடுவது. தமிழில் வைத்தியம் கற்றவர்களுக்கு ஒரு பெரிய இடைஞ்சல் இருந்தது. ஆங்கிலம் தெரிந்தவர் புதிய நூல் வந்தால் வாங்கிப் படித்துக்கொள்வார். தமிழில் மட்டும் கற்றவர் என்ன செய்வார்? கற்ற நூல் பழசாகும். அறிவும் அதனோடு பழசாகும். புதிய நூல் தமிழில் வந்துகொண்டே இருந்தால்தான் அவர் கையால் நோயாளி பிழைப்பார். இது கிரீனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தாம் மூட்டிய அடுப்புக்குத் தாமே விறகு போட வேண்டும் என்று உணர்ந்தவர் அவர்.

ஆகவே வூஸ்டர் பண்ணை வீட்டில் உட்கார்ந்துகொண்டு தமிழ் மருத்துவ நூல்களிலேயே தொடர்ந்து உழைத்தார். சுற்றிலும் தமிழ் பேச ஆள் இல்லாத ஊர். யாழ்ப்பாணத்துக் கையெழுத்துப் பிரதி கப்பலில் போக வேண்டும். திருத்தம் கப்பலில் திரும்ப வேண்டும். அப்படியும் டால்டன் என்பவரின் உடலியல் நூல் 'மனுஷ சுகரணம்' என்று 1883-ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 1884 மே 28-ம் தேதி கிரீன் காலமானார். தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று கல்லறையில் பொறித்தால் போதும் என்பது அவர் விருப்பம். வூஸ்டரில் உள்ள அந்தக் கல் இன்றும் அதைச் சொல்கிறது. மானிப்பாயில் அவர் பெயரால் கிரீன் நினைவு ஆஸ்பத்திரி இருக்கிறது.

வெற்றியா, தோல்வியா?

கிரீன் போன பிறகு தமிழ் மருத்துவ வகுப்பு நீடிக்கவில்லை. கொழும்பில் 1870-ம் ஆண்டிலேயே ஆங்கில வழி மருத்துவப் பள்ளி தொடங்கிவிட்டது. உத்தியோகமும் மதிப்பும் அந்தப் பக்கம் சாய்ந்தன. நூல் வருவது நின்றது. இருந்த நூல்கள் பழசாயின. ஒரு மனிதரின் தோளில் மட்டும் நின்ற ஏற்பாடு அவரோடு சாய்ந்துவிட்டது. அவர் வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய பாடம் இதுவே.

நாம் வாழும் ஹைதராபாத்துக்கும் இதைப் போன்ற கதை உண்டு. கிரீன் யாழ்ப்பாணம் வருவதற்கு ஓராண்டு முன்னால், 1846-ல், நிஜாம் ஆட்சியில் இங்கே ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. அதில் பாடம் உருதுவில். பின்னர் அங்கும் ஆங்கிலம் வந்தது. 1918-ல் உஸ்மானியா பல்கலைக்கழகம் தோன்றியபோது மறுபடியும் உருது. மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு நிலையம் வைத்து நூல் நூலாக வெளியிட்டார்கள். மருத்துவமும் உருதுவில் கற்பித்தார்கள். 1948-க்குப் பின் அந்த ஏற்பாடும் மாறியது. 2022-ல் மத்தியப் பிரதேசத்தில் எம்.பி.பி.எஸ். முதலாண்டு நூல்கள் இந்தியில் வெளியிடப்பட்டன. ஆக, கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

தாய்மொழியா ஆங்கிலமா என்று பட்டிமன்றம் நடத்துவது இங்கே நோக்கமல்ல. ஆங்கிலம் இல்லாமல் இன்று மருத்துவம் இல்லை. ஆனால் மருத்துவத்தில் வேலை செய்பவர்கள் டாக்டர்கள் மட்டும் அல்லர். நர்ஸ், ஆயா, கிராம சுகாதார ஊழியர், மருந்துக் கடைப் பையன் எல்லாரும் சேர்ந்ததுதான் மருத்துவம். ஒரு புதிய மருந்தை எவ்வளவு கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பது இவர்களுக்குச் சந்தேகமறத் தெரிய வேண்டும். அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டுத் தலையாட்டிவிட்டு வருவதால் பாதிக்கப்படுவது நோயாளியே. தெரிந்தவர் தெரியாதவருக்குப் புரிகிற மொழியில் சொல்லிக் கொடுப்பது எந்த வார்டிலும் எந்த ஷிஃப்டிலும் செய்யக்கூடிய காரியம். அதற்குக் கட்டடமும் வேண்டாம், பெரிய பணமும் வேண்டாம்.

குஷாய்குடாவிலும் மல்காஜ்கிரியிலும் நம் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகின்றன. நல்லதே. மருத்துவத் துறையில் உள்ள நம் பெண்களையும் பிள்ளைகளையும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டி, மூத்த நர்ஸ் ஒருவரோ டாக்டர் ஒருவரோ தாம் புதிதாகக் கற்றதைத் தமிழிலும் தெலுங்கிலும் விளக்க ஏற்பாடு செய்தால் அது கிரீனுக்குச் செய்யும் மரியாதையாகும். ஒருவர் போனாலும் அடுத்தவர் எடுத்து நடத்தும்படி அதை அமைத்துவிட்டால், கிரீனுக்குக் கிட்டாத வெற்றி நமக்குக் கிட்டும்.