மணலில் எழுதப் பழகியவர்

தரங்கம்பாடியின் புதிய எருசலேம் ஆலயத்தில் சீகன்பால்குவின் கல்லறைமுன் நின்றபோது, பதின்மூன்று ஆண்டுகள் அவரைத் தாங்கியது எது என்று எண்ணிப் பார்த்தேன். 1706-இல் கரையிறங்கிய அந்த ஜெர்மானியர் கிறிஸ்துவை அறிவிக்க வந்தவர். எனினும் முதலில் கற்கவே அமர்ந்தார். சிறுவர்களோடு மணலில் தமிழெழுத்துப் பழகினார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்தார். 1708-இல் அவரைக் கோட்டையில் நான்கு மாதம் சிறைவைத்தவர், அவரைப் போலவே கிறிஸ்தவரான டேனிஷ் ஆளுநரே. வெளிவந்தவர் விட்ட இடத்திலிருந்து மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது. 1719-இல், 36 வயதில் மறைந்தார். அவருடைய சமயத்தை ஏற்காதவரும் ஏற்கத்தக்க பாடம் ஒன்று அங்கே எனக்குக் கிடைத்தது: தம் நம்பிக்கையைப் பிறருக்குச் சொல்ல விழைபவர், முதலில் அவர்களிடம் மாணவராக அமர வேண்டும்.