களிமண்ணின் வலிமை கண்டவர்

கட்டடம் எத்துணை உறுதியாயினும், அதைத் தாங்கும் மண் நெகிழ்ந்தால் நிலைகுலையும். களிமண் எவ்வளவு சுமை தாங்கும், எப்போது சரியும் என முன்னறிய வழியின்றிப் பொறியாளர்கள் பட்டறிவையே நம்பியிருந்த காலம் ஒன்றுண்டு. அந்நிலையை மாற்றியவர், மண் இயக்கவியலின் தந்தை எனப் போற்றப்படும் கார்ல் டெர்சாகி.

இவர் 1883ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பிராக் நகரில் பிறந்தார். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இயந்திரப் பொறியியல் பயின்றார். நிலவியலிலும் நாட்டம் கொண்டார். 1912இல் அமெரிக்கா சென்று, அணைகள் எழும் இடங்களை நேரில் கண்டார். மண்ணின் போக்கைக் கணிக்கும் விதி எங்கும் கிட்டாமையால் ஏமாற்றத்துடன் திரும்பினார்.

1916இல் இஸ்தான்புல்லில் ஆசிரியப் பணி ஏற்றார். அங்கே எளிய பொருள்களால் கருவிகள் அமைத்து, களிமண் மாதிரிகளின்மீது எடையேற்றி ஆராய்ந்தார். நீர் தோய்ந்த களிமண்மீது வைக்கும் சுமையை முதலில் ஏற்பது துகள்கள் அல்ல, அவற்றினிடையே அடைபட்ட நீரே என்று கண்டார். நீர் மெல்லக் கசிந்து வெளியேறும்போதே சுமை துகள்களுக்கு மாறுகிறது. துகள்கள் தாங்கும் அப்பங்கே பயனுறு தகைவு. மண்ணின் வலிமை அதனைச் சார்ந்தது. இவ்வாய்வுகளின் பயனாக 1925இல் வியன்னாவில் வெளியான இவரது ஜெர்மானிய நூல், புதியதோர் அறிவியல் துறைக்கு அடித்தளமிட்டது.

அவ்வாண்டே இவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். இவருடைய உதவியாளராக விளங்கிய ஆர்தர் காசகிராண்டே, மண்ணின் சறுக்கு வலிமையை அளக்கும் ஆய்வக முறைகளைச் செம்மைப்படுத்தினார். சறுக்குப் பெட்டிச் சோதனையில், இரு பாதிகளாகப் பிரிந்த பெட்டியில் மண்ணை இட்டு, மேலே எடையேற்றி, ஒரு பாதியைப் பக்கவாட்டில் தள்ளி, மண் அறுபடும் விசையை அளப்பர். மூவச்சுச் சோதனையில், உருளை வடிவ மாதிரிக்கு ரப்பர் உறையிட்டு, சுற்றிலும் நீரழுத்தம் தந்து, மேலிருந்து அழுத்துவர். நீர் வடியவிட்டு மெதுவாகச் சோதித்தால் ஒரு வலிமையும், வடியவிடாது சோதித்தால் வேறொரு வலிமையும் கிடைக்கும். ஒரே மண் இருவேறு விடை தரும் இப்புதிரை விடுவித்தது டெர்சாகியின் கொள்கையே. மென்களிமண்மீது விரைந்து எழுப்பும் கரைக்கு வடியா நிலை வலிமையும், நெடுங்காலம் நிற்கும் சரிவுக்கு வடிந்த நிலை வலிமையும் இன்று கணக்கிடப்படுகின்றன.

1936இல் ஹார்வர்டில் கூடிய முதல் பன்னாட்டு மண் இயக்கவியல் மாநாட்டிற்கு இவரே தலைமையேற்றார். ஆய்வக எண்களோடு நின்றுவிடாமல், கட்டுமானக் களத்தில் மண்ணின் போக்கைத் தொடர்ந்து கண்காணித்து, வடிவமைப்பைத் திருத்திக்கொள்ளவும் வழிகாட்டினார். 1963 அக்டோபர் 25 அன்று மறைந்தார். அமுங்கும் மண்மீது இவர் துணையோடு கனடாவில் எழுந்த அணை, இன்று டெர்சாகி அணை என்னும் பெயர் தாங்கி நிற்கிறது.