சேலத்தில் ஒரு சினிமாக் கோட்டை: மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம்



சினிமான்னா சென்னை, சென்னைன்னா கோடம்பாக்கம். நாம எல்லாரும் இப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்கோம். நம்ம தேனி மாவட்டத்தில் பிறந்து சினிமாவில் புகழ் பெற்றவர்கள் எத்தனையோ பேர். அவங்க எல்லாரும் ரயிலோ பஸ்ஸோ ஏறி சென்னைக்குப் போய்த்தான் ஜெயிச்சாங்க. ஆனால் சென்னைக்குப் போகாமலே, தன் சொந்தச் சீமையில் உட்கார்ந்துகொண்டு, நடிகர்களையும் கவிஞர்களையும் தன்னைத் தேடி வரவைத்த ஒரு மனிதர் இருந்தார். அவர்தான் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி.ஆர்.சுந்தரம். சுவர்ப் பத்திரிகையின் இந்த வாரப் பக்கம் அவருக்கு.

தறிச் சத்தத்தில் பிறந்தவர்

1907-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் திருச்செங்கோட்டில் பிறந்தார் சுந்தரம். டி.ஆர். என்பது திருச்செங்கோடு ராமலிங்கம் என்பதன் சுருக்கம். நெசவும் ஜவுளி வியாபாரமும் செய்த வசதியான குடும்பம். நம்ம ஆண்டிபட்டி சக்கம்பட்டிப் பக்கம் போனவர்களுக்குத் தறிச் சத்தம் நல்லாத் தெரியும். அந்த மாதிரி சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்தான் அவர். மேல்படிப்புக்காக இங்கிலாந்து போய், லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தார். அங்கேயே கிளாடிஸ் என்ற ஆங்கிலப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டு ஊர் திரும்பினார்.

படிச்சு வந்த பையன் ஜவுளி மில் வைப்பான்னுதானே யாரும் நினைப்பாங்க? அவர் போனது சினிமாவுக்கு!

சினிமா எடுக்கக் கல்கத்தாவுக்கு ரயில்

முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் 1931-இல் வந்தது. அப்போதெல்லாம் தமிழ்ப் படம் எடுக்க நம்ம பக்கத்தில் ஸ்டுடியோ வசதி கிடையாது. நடிகர், நடிகை, பாட்டுக்காரர், பின்பாட்டுக்காரர், சமையல்காரர் என்று ஒரு நாடகக் கம்பெனியே மூட்டை முடிச்சோடு பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ ரயிலேறும். அங்கே இருந்த தொழில்நுட்பக்காரர்கள் பலருக்குத் தமிழ் தெரியாது. பாஷை தெரியாமலே தமிழ்ப் படத்தை இயக்கியவர்களும் உண்டு.

சுந்தரமும் முதலில் இந்த வழியில்தான் வந்தார். சேலத்தில் ஏஞ்சல் பிலிம்ஸ் என்ற கம்பெனியில் கூட்டுச் சேர்ந்து, திரௌபதி வஸ்திராபகரணம் (1934), நல்லதங்காள் (1935) போன்ற படங்களில் பங்கெடுத்தார். அப்போதே அவருக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டது. இவ்வளவு பேரை இழுத்துக்கொண்டு போகும் ரயில் செலவு, தங்கும் செலவு, வீணாகும் நாட்கள் எல்லாவற்றையும் கூட்டினால், நாமே ஒரு ஸ்டுடியோ கட்டிவிடலாமே!

1930-களின் நடுவில் சேலத்தில், ஏற்காடு மலைக்குப் போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் எழுந்தது. மில் நடத்துற படிப்பு அங்கேதான் கை கொடுத்தது. ஒரு மில்லில் பஞ்சு ஒரு பக்கம் உள்ளே போனால் துணி மறுபக்கம் வெளியே வரும் இல்லையா? அதே மாதிரி ஸ்டுடியோவையும் அமைத்தார். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, பிலிம் கழுவும் லேப், எடிட்டிங் எல்லாமே ஒரே வளாகத்தில். கதை உள்ளே போகும், பெட்டியில் படம் வெளியே வரும். 1937-இல் சதி அகல்யா முதல் படமாக வெளிவந்தது. அப்போது சுந்தரத்துக்கு 30 வயசு வாக்கில்தான்.

முதல்... முதல்... முதல்...

மலையாளத்தின் முதல் பேசும் படம் எங்கே தயாரானது தெரியுமா? கேரளாவில் இல்லை, நம்ம சேலத்தில்! 1938 ஜனவரியில் வெளிவந்த பாலன் என்ற அந்தப் படத்தைத் தயாரித்தவர் சுந்தரம். எஸ்.நொட்டானி இயக்கினார். ஒளிப்பதிவு செய்தவர் ஜெர்மனியிலிருந்து வந்த போடோ குட்ஷ்வாக்கர்.

1940-இல் சுந்தரம் இயக்கிய உத்தம புத்திரன் தமிழின் முதல் இரட்டை வேடப் படம் என்று பெயர் பெற்றது. பி.யு.சின்னப்பாதான் இரண்டு வேடத்திலும் நடித்தார். பிரெஞ்சு எழுத்தாளர் டூமாவின் இரும்பு முகமூடிக் கதையைத் தழுவிய படம் அது. (1958-இல் சிவாஜி கணேசன் நடித்து வந்த உத்தம புத்திரன் வேறு, பின்னால் வந்தது.)

கம்ப்யூட்டர் இல்லாத அந்தக் காலத்தில் ஒரே ஆளை எப்படி ரெண்டு ஆளாக் காட்டினாங்க? கேமராவை அசையாமல் பூட்டிவிடுவார்கள். லென்சின் ஒரு பாதியைக் கறுப்பு அட்டையால் மறைப்பார்கள். நடிகர் ஒரு பக்கம் நின்று நடிப்பார். பிறகு அதே பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அட்டையை மறுபாதிக்கு மாற்றி, நடிகரின் உடையையும் மாற்றி, அடுத்த பக்கம் நிற்க வைத்து எடுப்பார்கள். எதிரே யாருமே இல்லாமல், இந்த நேரத்தில் இவன் பேசியிருப்பான் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே நடிக்க வேண்டும். கேமரா ஒரு நூல் அசைந்தாலும் நடுவில் கோடு தெரிந்துவிடும். முதலிலிருந்து மறுபடி எடுக்க வேண்டியதுதான்!

1942-இல் சின்னப்பாவும் டி.ஆர்.ராஜகுமாரியும் நடித்த மனோன்மணி வந்தது. நாம் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுகிறோமே, அந்தப் பாடல் இடம்பெற்ற மனோன்மணீயம் நாடகத்தின் கதைதான் அது.

போர்க்காலம்

இரண்டாம் உலகப் போர் வந்தது. பிலிம் சுருள் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பலே ஆபத்தில் வரும்போது பிலிம் எங்கே வரும்? ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு கட்டுப்பாடு போட்டது. அதாவது சுமார் 2 மணி நேரம். அதுவரை பாட்டுக்கு மேல் பாட்டாக 3 மணி நேரத்துக்கு மேல் ஓடிய படங்கள் திடீரெனச் சுருங்க வேண்டியதாயிற்று. பல கம்பெனிகள் திணறின. எதையும் கணக்காகச் செய்து பழகிய மாடர்ன் தியேட்டர்ஸ் நிற்காமல் ஓடியது. 1945-இல் போரைப் பற்றியே பர்மா ராணி என்ற படத்தை எடுத்தார் சுந்தரம். அதில் அவரே ஜப்பானிய அதிகாரியாக நடித்தார். பிறகு சுலோசனா படத்தில் இந்திரஜித் வேடமும் போட்டார்.

சேலத்துக்கு வந்த எழுத்தாளர்கள்

1947-இல் காரைக்குடியில் ஏ.வி.மெய்யப்பன் நாம் இருவர் படத்தை எடுத்தார். அதன்பின் அவர் ஸ்டுடியோவைச் சென்னைக்கு மாற்றிக்கொண்டார். எல்லாரும் அங்கிட்டுப் போனார்கள். சுந்தரம் மட்டும் சேலத்தை விட்டு நகரவில்லை.

அப்புறம் நடந்ததுதான் அதிசயம். 1950-இல் மட்டும் பாருங்க: பாரதிதாசனின் கவிதைக் கதை பொன்முடி என்ற படமானது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவல் திகம்பர சாமியார் ஆனது. அதில் பின்னாளில் வில்லனாகப் புகழ்பெற்ற எம்.என்.நம்பியார்தான் கதாநாயகன்! மாறுவேடத்துக்கு மேல் மாறுவேடம் போட்டு அசத்தினார். அதே ஆண்டு மந்திரி குமாரி. குண்டலகேசிக் கதையைத் தழுவி மு.கருணாநிதி வசனம் எழுத, எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்தார். எல்லிஸ் டங்கன் என்ற அமெரிக்கர் அந்தப் படத்தை இயக்கத் தொடங்கினார். அவர் இந்தியாவை விட்டுக் கிளம்ப, மீதியைச் சுந்தரம் முடித்தார். ஒரே படத்தில் வேலை பார்த்த ரெண்டு பேர் பின்னாளில் முதலமைச்சர் ஆனார்கள்! ஒருவர் 1969-இல், இன்னொருவர் 1977-இல்.

1953-இல் சிவாஜி கணேசன் நடித்த திரும்பிப்பார் படத்துக்கும் கருணாநிதிதான் வசனம். கண்ணதாசனும் இங்கே கதை இலாகாவில் வேலை பார்த்தவர். 1954-இல் வந்த இல்லற ஜோதியில் அவர் எழுத்து உண்டு.

ஹாலிவுட்காரர்களும் சேலத்துக்கு வந்தார்கள். 1952-இல் தி ஜங்கிள் என்ற ஆங்கிலப் படம் மாடர்ன் தியேட்டர்ஸ் கூட்டில் தயாரானது.

கலர் வந்தது

1956 பொங்கலுக்கு அலிபாபாவும் 40 திருடர்களும் வந்தது. எம்.ஜி.ஆர்., பி.பானுமதி நடித்த இந்தப் படம்தான் தமிழின் முதல் முழுநீளக் கலர்ப் படம். கேவா கலர் முறை. அதுக்கு முன்னாடி ஒன்றிரண்டு காட்சிகளை மட்டும் கலரில் காட்டிய படங்கள் உண்டு. முழுப் படத்தையும் கலரில் எடுக்கத் துணிந்தவர் சுந்தரம். கலர் பிலிமுக்குக் கறுப்பு வெள்ளையை விட அதிக வெளிச்சம் வேண்டும். பிலிம் விலையும் கூட. படம் ஓடலைன்னா கம்பெனியே ஆட்டம் கண்டுவிடும். ஆனால் ஓடியது. நல்லா ஓடியது! ஐந்து வருஷம் கழித்து, 1961-இல் மலையாளத்தின் முதல் கலர்ப் படமான கண்டம் பெச்ச கோட்டு படத்தையும் அவரே இயக்கினார்.

நம்ம பக்கத்துக் கிராமங்களில் வயசானவர்களைக் கேட்டால், டூரிங் கொட்டகையில் மணல் குவித்து உட்கார்ந்து அலிபாபா பார்த்த கதையைச் சொல்வார்கள். ஒரே புரொஜெக்டர் இருந்ததால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. அந்த நேரத்தில் முறுக்கும் கடலையும் சோடாவும். திருடர்களின் குகை திறக்கிற காட்சியைக் கலரில் பார்த்தபோது கொட்டகையே வாயைப் பிளந்திருக்கும்!

கண்டிப்பு

சுந்தரத்தைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் சொல்வது அவருடைய கண்டிப்பைத்தான். காலையில் குறித்த நேரத்தில் படப்பிடிப்பு தொடங்க வேண்டும். பெரிய நடிகர், சின்ன நடிகர் என்ற வித்தியாசம் இல்லை. கதையும் வசனமும் தாளில் முடிந்த பிறகுதான் கேமரா சுற்றும். பட்ஜெட் போட்டால் போட்டதுதான். கோட்டும் சூட்டும் போட்ட முதலாளி தளத்துக்குள் வந்தால் பேச்சுச் சத்தம் அடங்கிவிடும்.

இது சரியா தப்பா? ரெண்டு பக்கமும் யோசிக்கணும். கலைஞனை மணி அடித்து வேலை வாங்க முடியுமா, மில் மாதிரி படம் எடுத்தால் எல்லாம் ஒரே அச்சில்தானே வரும் என்று கேட்கலாம். மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்ததில் வெளிநாட்டுக் கதைகளின் தழுவல் நிறைய என்பதும் உண்மை. ஆனால் இன்னொரு பக்கம் இருக்கு. லைட் பிடிக்கிறவர், தச்சர், தையல்காரர், பெயின்டர், சமையல்காரர் என்று அந்த ஸ்டுடியோவை நம்பி எத்தனை குடும்பங்கள்! ஒரு படம் நின்றுபோனால் நாயகன் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். தச்சர் எங்கே போவார்? முதலாளியின் கண்டிப்பால்தான் படம் நிற்காமல் வந்தது, அவர்கள் வீட்டு அடுப்பும் எரிந்தது. அதனால்தான் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி, சிங்களம், ஆங்கிலம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை அந்த நிறுவனத்தால் தர முடிந்தது.

புதியவர்களையும் அவர் ஒதுக்கவில்லை. நகைச்சுவை நடிகையாக மட்டுமே பார்க்கப்பட்ட மனோரமா, 1963-இல் மாடர்ன் தியேட்டர்ஸின் கொஞ்சும் குமரியில்தான் கதாநாயகி ஆனார்.

கோட்டையும் வாசலும்

அதே 1963, ஆகஸ்ட் 30. சுந்தரம் காலமானார். வயது 56 தான். அவருக்குப் பின் மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்று, வல்லவன் ஒருவன், இரு வல்லவர்கள், சி.ஐ.டி. சங்கர் என்று துப்பறியும் படங்களாக எடுத்தார். காலம் மாறியது. சினிமா முழுக்கச் சென்னையில் குவிந்தது. கடைசியில் ஸ்டுடியோ மூடப்பட்டது. இடம் கைமாறி, தளங்கள் இருந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்று எழுதிய நுழைவு வளைவு மட்டும் மிஞ்சியது.

அதைவிட வருத்தம் இன்னொன்று. பாலன் படத்தின் ஒரு பிரதிகூட இப்போது கிடைக்கவில்லை. தமிழின் முதல் பேசும் படம் காளிதாசும் அப்படித்தான். அந்தக் கால நைட்ரேட் பிலிம் சீக்கிரம் தீப்பிடிக்கும், சும்மா வைத்தாலே கெட்டுப்போகும். ஓடி முடித்த படத்தைப் பத்திரப்படுத்த யாரும் நினைக்கவும் இல்லை. அத்தனை பேர் உழைத்து எடுத்த படம் பாட்டுப் புத்தகத்திலும் சில போட்டோக்களிலும் மட்டும்தான் மிச்சம்.

நண்பர்களே, சுந்தரத்தின் வாழ்க்கையில் நமக்கு ரெண்டு பாடம் இருக்கு.

ஒன்று: பெரிய காரியம் செய்ய ஊர் பெருசா இருக்கணும்னு அவசியமில்லை. திட்டமும் உழைப்பும் நேரம் தவறாமையும் இருந்தால், இருக்கிற இடத்துக்கு உலகம் வரும். நாம கடமலைக்குண்டில் இருக்கோம், வருசநாட்டு மலை அடிவாரத்தில் இருக்கோம்னு யாரும் தலை குனிய வேண்டாம். சுந்தரமும் ஒரு மலை அடிவாரத்தில்தான் இருந்தார்!

ரெண்டு: செய்ததைப் பாதுகாக்காவிட்டால், செய்தோம் என்பதற்குச் சாட்சியே இருக்காது. சினிமாவை விடுங்க. நம்ம ஊரில் எந்த இடத்தில் டூரிங் கொட்டகை இருந்தது, டிக்கெட் எத்தனை பைசா, முதன்முதலில் கலர்ப் படம் ஓடியது எப்போது? இதெல்லாம் நம்ம தாத்தா, அப்பத்தா, அம்மாச்சி மனசில் மட்டும்தான் இருக்கு. வீட்டுப் பெட்டியில் பழைய பாட்டுப் புத்தகம், சினிமா நோட்டீஸ் கிடந்தால் கடலை மடிக்கக் கொடுத்துடாதீங்க.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கிட்டு அவங்க பக்கத்தில் உட்காருங்க. கேட்டு எழுதி வாங்க. அடுத்த இதழில் ஒட்டுவோம்.