எலெக்ட்ரான் மேகத்தைக் கணக்கில் பிடித்தவர்: யார் இந்த டக்ளஸ் ஹார்ட்ரீ?

மருந்து, பேட்டரி என எதை ஆய்வு செய்யும் லேபிலும் இப்போது ஒரு காட்சியைப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் திரையில் வண்ண வண்ணமாக ஒரு மூலக்கூறு சுழன்றுகொண்டிருக்கும். எலெக்ட்ரான்களால் எதிர்மின் தன்மை கூடிய பகுதி வழக்கமாகச் சிவப்பு, நேர்மின் தன்மை கூடிய பகுதி நீலம். தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் சிவப்பாகவும் ஹைட்ரஜன் பக்கம் நீலமாகவும் தெரியும். ஒரு மூலக்கூறு எதோடு ஒட்டும், எந்த இடத்தில் வினைபுரியும் என்பதை இதை வைத்து ஓரளவு ஊகிக்கலாம்.

இது கேமராவில் எடுத்த போட்டோ இல்லை. முழுக்க முழுக்கக் கணக்கு. அந்தக் கணக்குக்கு வழி திறந்தவர் டக்ளஸ் ஹார்ட்ரீ.

என்ன சிக்கல்?

1897-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்தவர் ஹார்ட்ரீ. முதல் உலகப்போரின்போது, விமானங்களைச் சுடும் பீரங்கிகளுக்கான கணக்குகளைப் போட்டார். எண்களோடு மல்லுக்கட்டும் பழக்கம் அங்கே வந்தது.

1926-ல் ஷ்ரோடிங்கர் தன் சமன்பாட்டை வெளியிட்டார். ஒரே ஒரு எலெக்ட்ரான் உள்ள ஹைட்ரஜனுக்கு அது கச்சிதமாக விடை தந்தது. இரண்டாவது எலெக்ட்ரான் வந்தாலே திண்டாட்டம்தான். காரணம், எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கும். ஒன்று எங்கே இருக்கும் என்று தெரிய, மற்றவை எங்கே என்று தெரிய வேண்டும். மற்றவை தெரிய, இது தெரிய வேண்டும்!

ஹார்ட்ரீ கண்ட வழி

கூட்டமான பஸ்ஸில் ஒருவர் நகர்ந்தால் பக்கத்தில் இருப்பவரும் நகர வேண்டும். இப்படியே நகர்ந்து நகர்ந்து, கடைசியில் எல்லோரும் ஒரு நிலைக்கு வந்துவிடுவார்கள். ஹார்ட்ரீயின் வழியும் கிட்டத்தட்ட இதுதான்.

முதலில் எலெக்ட்ரான் பரவலைச் சும்மா ஊகித்துக்கொள்ள வேண்டும். மற்ற எலெக்ட்ரான்களின் சராசரி விளைவை வைத்து, ஒவ்வொன்றின் பரவலையும் கணக்கிட வேண்டும். வரும் விடையைப் புதிய ஊகமாக வைத்து மறுபடி கணக்கிட வேண்டும். போட்டதும் வந்ததும் ஒன்றாகும் வரை இதே வேலை. 1928-ல் இந்த முறை வெளியானது.

கம்ப்யூட்டர் இல்லாத காலம். கைப்பிடியைச் சுற்றிக் கணக்குப் போடும் மெஷின்தான் துணை. கூட உட்கார்ந்து கணக்குப் போட்டவர் அவருடைய அப்பா வில்லியம். கேம்பிரிட்ஜில் இன்ஜினீயரிங் கற்பித்து ஓய்வு பெற்றவர்.

வந்தது திருத்தம்

1930-ல் ரஷ்யாவின் ஃபாக், அமெரிக்காவின் ஸ்லேட்டர் இருவரும் ஒரு குறையைக் காட்டினார்கள். எலெக்ட்ரான்களுக்குத் தனித்தனி அடையாளம் கிடையாது. இரண்டை இடம் மாற்றினால் என்ன ஆகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஹார்ட்ரீயின் முறையில் அது விடுபட்டிருந்தது. அதைச் சேர்த்தால் வேலை பல மடங்கு கூடும்.

அப்பாவும் மகனும் பின்வாங்கவில்லை. 1935-ல் பெரிலியம் அணுவுக்குத் திருத்திய முறையில் கணக்கிட்டு வெளியிட்டார்கள். அதன்பின் வேறு பல அணுக்கள். 1943-ல் வில்லியம் இறக்கும்வரை இந்தக் கூட்டணி நீடித்தது. இன்று அந்த முறைக்குப் பெயர் ஹார்ட்ரீ-ஃபாக்.

பொம்மை பாகங்களில் ஒரு மெஷின்

இதற்கிடையே 1933-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வன்னேவர் புஷ் உருவாக்கிய பெரிய கணக்கு மெஷினைப் பார்த்தார் ஹார்ட்ரீ. மான்செஸ்டர் திரும்பியதும் மாணவர் ஆர்தர் போர்ட்டருடன் சேர்ந்து, குழந்தைகள் விளையாடும் மெக்கானோ பாகங்களிலேயே அதுபோல ஒன்றைச் செய்தார். செலவு சுமார் 20 பவுண்ட். அது அணுக் கணக்குகளுக்கே உதவியது! 1946-ல் அமெரிக்காவின் எனியாக் கம்ப்யூட்டரிலும் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

அணுவிலிருந்து மூலக்கூறுக்கு

ஹார்ட்ரீ கணக்கிட்டது அணுக்களைத்தான். அணு உருண்டை என்பதால் கணக்கு ஓரளவு எளிது. மூலக்கூறுக்குப் பல மையங்கள். 1950-ல் கேம்பிரிட்ஜின் எஸ்.எஃப். பாய்ஸ், அந்தக் கணக்கைச் சுலபமாக்கும் கணித வழியைச் சொன்னார். கம்ப்யூட்டர்களும் வளர, மூலக்கூறுகளும் வசப்பட்டன.

1958-ல் 60 வயதில் ஹார்ட்ரீ காலமானார். அணு அளவிலான ஆற்றலுக்கு இன்று ஓர் அலகின் பெயரே ஹார்ட்ரீ. இன்றைய மென்பொருள்களில் இன்னும் நுட்பமான திருத்தங்கள் வந்துவிட்டன. ஆனாலும் வண்ணப் படம் திரைக்கு வருமுன் உள்ளே பெரும்பாலும் நடப்பது அதே வேலைதான்: ஊகி, கணக்கிடு, திருத்து, மறுபடி கணக்கிடு.