வெட் ஷேவிங் தொடங்கப் போறீங்களா? காந்தி சவரக்கத்தி பிடித்த கதையைப் படிச்சுட்டு வாங்க

போன மாதம் புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு சின்னக் கடையில் சேஃப்டி ரேசர் ஒன்று வாங்கினேன். நம்ம தாத்தா காலத்து ரேசர்தான். மேல்மூடி, அடித்தகடு, கைப்பிடி என்று மூன்று துண்டு, நடுவில் ஒரு பிளேடு. கூடவே ஒரு பிரஷ், ஒரு ஷேவிங் சோப். மறுநாள் காலையிலேயே தாடையில் இரண்டு வெட்டு. ஆபீஸில் எல்லாரும் விசாரிச்சாங்க.

இதுக்குப் பேர் இப்போ 'ட்ரெடிஷனல் வெட் ஷேவிங்'. பிரஷ்ஷால் நுரை கிளப்பி, ஒற்றை பிளேடில் நிதானமாக மழிப்பதை ஒரு பொழுதுபோக்காகவே எடுத்துச் செய்கிறார்கள். ரேசர் சேர்ப்பது, விதவிதமான பிளேடு போட்டுப் பார்ப்பது, சோப் வாசனை ஒப்பிடுவது என்று நேரம் போவதே தெரியாது.

எப்படித் தொடங்குவது என்று தேடிப் படித்துக்கொண்டு போனதில், நான் எதிர்பார்க்காத ஒரு புத்தகத்தில் போய் நின்றேன். காந்தியின் 'சத்திய சோதனை'. அவர் தன் முகத்தைத் தானே மழிக்கக் கற்றதும், தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டதும் அதில் வருகிறது. அதைப் படித்த பிறகு என் கையில் இருந்த ரேசர் வெறும் பொழுதுபோக்குச் சாமானாகத் தெரியவில்லை. ஏன்னு பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்த நாவிதர்

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி பிறந்தது 1869 அக்டோபர் 2, போர்பந்தரில். வளர்ந்தது ராஜ்கோட்டில். நம்ம புதுக்கோட்டை மாதிரியே அந்த ஊர்களும் சமஸ்தானங்கள். அப்பா திவான். அப்படிப்பட்ட வீட்டில் யாரும் சொந்தமாக சவரம் செய்துகொள்வதில்லை. குடும்பத்துக்கு என்று ஒரு நாவிதர் இருப்பார், அவர் வீடு தேடி வருவார். அவர் வரும் நாளில்தான் கண்ணாடி பார்க்கவே வாய்ப்பு கிடைத்தது என்று காந்தி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

தமிழ்நாட்டிலும் அன்றைக்கு இதே ஏற்பாடுதான். இங்கே இந்தத் தொழிலைச் செய்த சமூகத்துக்கு மருத்துவர் என்றும் பெயர் உண்டு. சவரத்தோடு வைத்தியமும் பார்த்தார்கள். வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். கூலி பல ஊர்களில் அறுவடைக் காலத்தில் நெல்லாகக் கிடைக்கும். யாருக்கு சவரம் செய்யலாம், யாருக்குச் செய்யக் கூடாது என்பதை முடிவு செய்தது அந்தத் தொழிலாளி இல்லை. ஊர்தான் முடிவு செய்தது. இந்த ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கதை திரும்ப இங்கேதான் வரும்.

லண்டனில் பத்து நிமிடம்

1888 செப்டம்பர் 4 அன்று பம்பாயில் கப்பல் ஏறினார் காந்தி. சட்டம் படிக்க லண்டன் பயணம். இன்னும் 19 வயது ஆகவில்லை. அங்கே போய் கொஞ்ச காலம் முழு 'ஜென்டில்மேன்' ஆக முயற்சி செய்தார். விலை உயர்ந்த சூட், உயரமான பட்டுத் தொப்பி, நடன வகுப்பு, வயலின் வகுப்பு எல்லாம் உண்டு. டை கட்டவும் தலை வாரவும் தினமும் பெரிய கண்ணாடி முன்னால் பத்து நிமிடம் செலவானது.

அந்தக் காலத்தில்தான் சவரம் செய்யவும் கற்றார். இங்கிலாந்து போகும் இந்திய மாணவர்கள் எல்லாரும் அதையாவது கற்றுவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. முடி வெட்டத்தான் யாரும் கற்பதில்லை.

அன்றைக்குப் பரவலாக இருந்தது மடக்குக் கத்தி. நாம் இப்போது வாங்கும் இருபக்க பிளேடு ரேசர் அப்போது வரவே இல்லை. அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட்டின் கம்பெனி அதை விற்கத் தொடங்கியது 1903-ல்தான். முதல் வருட விற்பனை 51 ரேசர், 168 பிளேடு. மடக்குக் கத்தி என்றால் ஒவ்வொரு முறையும் தோல்வாரில் தீட்டணும், அப்பப்போ சாணை பிடிக்கணும். கை கொஞ்சம் தவறினால் ரத்தம்தான்.

பிரிட்டோரியாவில் மூடிய கதவு

1891-ல் பாரிஸ்டர் ஆகி இந்தியா திரும்பினார். இங்கே வக்கீல் தொழில் சரியாக அமையவில்லை. 1893-ல் ஒரு வணிக நிறுவனத்தின் வழக்குக்காக ஒரு வருட ஒப்பந்தத்தில் தென்னாப்பிரிக்கா போனார். ரயிலில் முதல் வகுப்புப் பெட்டியில் இருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் அவரை இறக்கிவிட்ட சம்பவம் எல்லாருக்கும் தெரியும். சலூன் சம்பவம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பிரிட்டோரியாவில் ஓர் ஆங்கிலேயர் நடத்திய முடிதிருத்தகத்துக்குப் போனார். அவர் நிறத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் முடி வெட்ட மறுத்துவிட்டார், அதுவும் ஏளனமாக. காந்திக்கு வலித்தது. நேராகப் போய் முடி வெட்டும் மெஷின் ஒன்று வாங்கினார். கண்ணாடி முன் நின்று தானே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஓரளவு தேறியது. பின்பக்கம் கோரம். கோர்ட்டில் நண்பர்கள் பார்த்துவிட்டு, எலி ஏதும் கடித்ததா என்கிற அளவுக்குக் கேலி செய்தார்கள். நடந்ததை அவர் மறைக்கவில்லை. கறுப்பன் முடியை வெள்ளைக்காரர் தொட மாட்டேன் என்றதால் தானே வெட்டிக்கொண்டதாகச் சொன்னார்.

இதுவரைக்கும் இது ஒரு சுயமரியாதைக் கதை. நம்ம ஊரில் யாருக்காவது இப்படி நடந்தாலும் இதே மாதிரிதான் சொல்லிக் கைதட்டுவோம்.

ஆனால் காந்தி அங்கே நிறுத்தவில்லை. அந்த முடிதிருத்துபவர் மேல் குற்றமில்லை என்ற முடிவுக்கு வந்தார். கறுப்பருக்கு வெட்டினால் அவருடைய வெள்ளை வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள், பிழைப்பு கெட்டுவிடும். இந்தியாவில் நாமும் இதைத்தானே செய்கிறோம் என்று யோசித்தார். தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கியவர்களுக்கு நம் நாவிதர்கள் சவரம் செய்ய நாம் விடுவதில்லை. அதற்கான பலனைத்தான் தென்னாப்பிரிக்காவில் பலமுறை அனுபவித்ததாக அவர் கருதினார்.

அவமானப்பட்ட ஒருவர், அதே அவமானத்தைத் தன் சொந்த ஊர் இன்னொருவருக்குச் செய்கிறது என்று பார்ப்பது சாதாரண விஷயம் இல்லை. நம்மில் பலர் நமக்கு நடந்ததோடு நின்றுவிடுவோம்.

பண்ணையில் கத்தரி

ஒரு வருடம் என்று போனவர் சுமார் 21 வருடம் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். 1904-ல் டர்பன் அருகே ஃபீனிக்ஸ் குடியிருப்பு. 1910-ல் ஜோகன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணை. அவர் நண்பர் ஹெர்மன் காலன்பாக்குடைய 1,100 ஏக்கர் நிலம் அது. பண்ணையில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. போப் எழுதிய தமிழ்க் கையேட்டை வைத்துத் தான் கற்ற அரைகுறைத் தமிழைக் காந்தி அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். சமையல், செருப்புத் தைப்பது, குழி தோண்டுவது என்று எல்லா வேலையும் அவரவர் கையால்தான்.

இங்கே ஒரு கசப்பான விஷயமும் உண்டு. பண்ணையில் ஒரு பையன் இரண்டு பெண் பிள்ளைகளைக் கேலி செய்தான். பையன்களைக் கண்டித்தார் காந்தி. அதோடு நிற்காமல், அந்தப் பெண்களின் நீண்ட கூந்தலை வெட்டிவிட வேண்டும் என்றும் முடிவெடுத்தார். பண்ணைப் பெண்கள் முதலில் எதிர்த்தார்கள். கடைசியில் சம்மதிக்க வைத்துத் தன் கையாலேயே வெட்டினார். தப்பு செய்தது ஒருத்தர், முடி போனது இன்னொருத்தருக்கு. இன்றைக்குப் படிக்கும்போது ஏற்கவே முடியவில்லை. கத்தரி யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம்தான்.

மதுரை, புதுக்கோட்டை, கடியாபட்டி

1915-ல் இந்தியா திரும்பி அகமதாபாத் அருகே ஆசிரமம் தொடங்கினார். சில மாதங்களிலேயே தூதாபாய் என்பவரின் தலித் குடும்பத்தை அங்கே சேர்த்துக்கொண்டார். கிணற்றடியில் தகராறு, நன்கொடையும் நின்றது. காந்தி பின்வாங்கவில்லை.

1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் சட்டையும் தொப்பியும் துறந்து அரை வேட்டிக்கு மாறினார். லண்டனில் கண்ணாடி முன் பத்து நிமிடம் நின்ற அதே மனிதர். 1927 செப்டம்பரில் கதர் நிதி திரட்ட வந்தபோது புதுக்கோட்டையிலும், இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் கடியாபட்டியிலும் பேசினார். 1934 தொடக்கத்தில் தீண்டாமைக்கு எதிரான பயணமாகத் திரும்பவும் தமிழ்நாட்டைச் சுற்றினார்.

அவர் நம்பியது மனமாற்றத்தை. ஒதுக்குபவர்கள் மனம் மாறினால் தீண்டாமை போகும் என்று நினைத்தார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. உரிமை வேண்டும், சட்டம் வேண்டும் என்றார். 1932-ல் தனித் தொகுதி விஷயத்தில் இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். காந்தி உண்ணாவிரதம் இருந்தார், பூனா ஒப்பந்தம் வந்தது. அது நியாயமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

சலூன் கதையை வைத்தே இதை யோசித்துப் பாருங்கள். பிரிட்டோரியாவில் மறுக்கப்பட்டவர் ஒரு பாரிஸ்டர். மெஷின் வாங்கக் காசு இருந்தது. ஒரு கிராமத்தில் மறுக்கப்படும் கூலித் தொழிலாளியின் மகன் என்ன செய்வான்? கடைக்காரர் மனம் மாறும் வரை காத்திருக்கணுமா?

1948 நவம்பர் 29

1948 ஜனவரி 30 அன்று காந்தி கொல்லப்பட்டார். பத்து மாதம் கழித்து, அதே ஆண்டு நவம்பர் 29 அன்று, அரசியல் நிர்ணய சபையில் இரண்டு பிரிவுகள் விவாதத்துக்கு வந்தன.

ஒன்று, கடைகளிலும் பொது இடங்களிலும் சாதி, மதம் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்பது. கடை என்றால் சவரக் கடை, சலவைக் கடை எல்லாம் அடங்குமா என்று பேச்சு வந்தது. கடை என்ற சொல்லுக்கு அம்பேத்கர் விரிந்த பொருள் கொடுத்தார். சேவை தரும் இடங்களும் அதில் அடங்கும் என்பதே அவர் விளக்கம். இது இன்றைய 15-வது பிரிவு. இன்னொன்று, தீண்டாமை ஒழிப்பு. இன்றைய 17-வது பிரிவு. அது நிறைவேறியபோது சபையில் காந்தியின் பெயரை வாழ்த்தி முழக்கம் எழுந்தது.

1955-ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் தெளிவாக, கடை என்ற சொல்லின் விளக்கத்துக்குள்ளேயே முடிதிருத்தகத்தையும் சேர்த்தது. 1976 முதல் அதற்குப் பெயர் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம். அதாவது சாதி பார்த்து சலூனில் முடி வெட்ட மறுப்பது இந்தியாவில் தண்டனைக்குரிய குற்றம்.

எல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2022 டிசம்பரில் நம்ம மாவட்டத்து வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது தெரியவந்தது. ஆய்வுக்குப் போன மாவட்ட ஆட்சியர், பக்கத்தில் இறையூரில் டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதையும் கண்டுபிடித்தார். சலூன்களில் முடி வெட்ட மறுப்பதாகப் புகார்கள் தமிழ்நாட்டில் இன்னும் செய்தியாகிக்கொண்டுதான் இருக்கின்றன.

சரி, எப்படித் தொடங்குவது?

ரேசர்: முதலிலேயே மடக்குக் கத்திக்குப் போக வேண்டாம். பிளேடு விளிம்பு அதிகம் வெளியே தெரியாத சாதாரண சேஃப்டி ரேசர் போதும். பிளேடு சில ரூபாய்க்குக் கிடைக்கும்.

நேரம்: குளித்த உடனே, அல்லது வெதுவெதுப்பான தண்ணீரில் முகத்தை நனைத்த பிறகு. முடி மென்மையாகிவிடும்.

நுரை: பிரஷ்ஷை நனைத்து உதறி, சோப்பில் சுழற்றி, முகத்தில் வட்டமாகத் தேய்க்கவும். பெரிய குமிழி இல்லாமல் தயிர் மாதிரி கெட்டியாக வரணும்.

கோணம்: பிளேடு தோலோடு சுமார் 30 டிகிரி. அழுத்தவே கூடாது, ரேசரின் கனமே போதும். நான் வெட்டிக்கொண்டது அழுத்தியதால்தான்.

திசை: முதல் மாதம் முடி வளரும் திசையிலேயே, சின்னச் சின்ன இழுப்பாக. எதிர்த்திசை எல்லாம் கை பழகிய பிறகு.

முடிவில்: குளிர்ந்த தண்ணீரில் கழுவி, ஈரப் படிகாரத்தை மெல்லத் தேய்க்கவும். நம்ம சலூன் அண்ணன்கள் காலங்காலமாகச் செய்வதுதான்.

கவனம்: பிளேடை யாரோடும் பகிரக் கூடாது, ரத்தம் வழியாகத் தொற்று பரவும். பழைய பிளேடை ஒரு டப்பாவில் சேர்த்து மூடி அப்புறப்படுத்துங்கள். குப்பை அள்ளுபவர் கையைக் கிழிக்கும். சர்க்கரை நோய் இருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்தாலோ டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

எனக்கு இப்போது வெட்டு விழுவதில்லை. ஆனாலும் மாதம் ஒருமுறை முடி வெட்ட எங்கள் தெரு சலூனுக்குத்தான் போகிறேன். அங்கே பெஞ்சில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் வருவதே இல்லை என்று இப்போதெல்லாம் கவனிக்கிறேன். உங்கள் ஊர் சலூனிலும் ஒரு தடவை கவனித்துப் பாருங்கள்.