பனி நாட்டைப் படம் பிடித்தவர்

1916-ம் ஆண்டு. கனடா நாட்டில் டொராண்டோ நகரம்.

ஓர் அறையில் ஒருவர் பிலிம் சுருள்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு இருந்தார். அவருடைய சிகரெட் நெருப்பு பிலிமில் பட்டுவிட்டது. அந்தக் காலத்துப் பிலிம் வெடிமருந்து மாதிரி. பொறி பட்டால் போதும், குப்பென்று பற்றிக்கொள்ளும்.

30 ஆயிரம் அடி பிலிம் கண் முன்னே சாம்பல் ஆனது. அவருக்கும் தீக்காயம். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அவர்தான் ராபர்ட் பிளாகர்டி. ஆவணப்படங்களின் தந்தை என்று பிற்காலத்தில் உலகம் கொண்டாடிய மனிதர்.

இரும்பு தேடிப் போனவர்

பிளாகர்டி 1884-ல் அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தார். தகப்பனார் சுரங்கத் தொழில் செய்தவர். பையன் பள்ளிக்கூடத்தில் இருந்ததைவிட, தகப்பனாருடன் காட்டில் சுற்றியதே அதிகம்.

வாலிபர் ஆனதும் அவருக்கும் அதே வேலைதான். கனடாவின் ரெயில் பாதை முதலாளி சர் வில்லியம் மெக்கன்சி, 1910-ல் அவரை வடக்கே அனுப்பினார். அட்சன் விரிகுடாக் கரையில் இரும்பு இருக்கிறதா என்று பார்த்து வரவேண்டும்.

அங்கே பார்த்த இடம் எல்லாம் பனி. அந்தப் பனியில் இனூயிட் மக்கள் வாழ்ந்தார்கள். மற்றவர்கள் அவர்களை எஸ்கிமோக்கள் என்று அழைத்தார்கள். நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டி, தோல் உடை, வேட்டை. இதுதான் அவர்கள் வாழ்க்கை. வழி காட்டியதும் உணவு கொடுத்ததும் அவர்களே. அவர்கள் இல்லை என்றால் பிளாகர்டி உயிரோடு திரும்பியிருக்க முடியாது.

1913-ல் மறுபடியும் புறப்பட்டபோது, ஒரு சினிமா கேமிராவையும் எடுத்துப் போகும்படி மெக்கன்சி சொன்னார். பிளாகர்டி மூன்று வாரம் கேமிரா பிடிக்கக் கற்றுக்கொண்டார். பாடம் அவ்வளவுதான்!

அப்படி எடுத்த படம்தான் டொராண்டோவில் எரிந்தது.

ஒரு பிரதி மட்டும் தப்பியது. அதைச் சிலருக்குப் போட்டுக் காட்டினார். யாருக்கும் சுவைக்கவில்லை. அவருக்கே பிடிக்கவில்லை. இங்கே ஒரு காட்சி, அங்கே ஒரு காட்சி. மனதில் நிற்கும்படி ஒரு மனிதன் அதில் இல்லை. எரிந்ததே நல்லது என்று எண்ணிக்கொண்டார். ஒரே ஒரு வேட்டைக்காரனையும் அவன் குடும்பத்தையும் வைத்துப் புதிதாகப் படம் எடுப்பது என்று முடிவு செய்தார்.

கேமிராவும் வேட்டைக்காரரும்

பணத்துக்கு நான்கு ஆண்டுகள் அலைந்தார். கடைசியில் மிருகத் தோல் வாங்கி விற்கும் ஒரு பிரெஞ்சு கம்பெனி பணம் கொடுத்தது. 1920-ல் பிளாகர்டி இனுக்ஜுவாக் என்ற ஊருக்குப் போனார்.

அங்கே அல்லாகரியல்லாக் என்ற வேட்டைக்காரர் கிடைத்தார். சிரித்த முகம். வேட்டையில் கெட்டிக்காரர். படத்தில் அவருக்கு நானூக் என்று பெயர் வைத்தார் பிளாகர்டி. நானூக் என்றால் பனிக்கரடி.

இனூயிட் மக்கள் நடித்தது மட்டும் அல்ல; படம் எடுக்கவும் உதவினார்கள். பிலிமைக் கழுவ நிறையத் தண்ணீர் வேண்டும். சுற்றிலும் ஒரே பனிக்கட்டி. அதில் துளை போட்டு, தண்ணீர் மொண்டு கொடுத்தார்கள்.

வால்ரஸ் என்பது தந்தம் உள்ள பெரிய கடல் மிருகம். அதை வேட்டையாடும் காட்சியை எடுத்து, அந்த ஊரிலேயே திரையில் காட்டினார் பிளாகர்டி. சினிமா அறியாத ஜனங்கள் அது நிழல் என்பதையே மறந்துவிட்டார்கள். பிடி, விடாதே என்று திரையைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள்!

பனிக்கட்டி வீட்டுக்குள் குடும்பம் தூங்கும் காட்சி வேண்டும். உண்மையான வீடு சிறியது, உள்ளே இருட்டு. கேமிராவுக்கு வெளிச்சம் போதாது. ஆகவே பெரிதாக ஒரு வீடு கட்டி, அதில் பாதியை வெட்டித் திறந்துவிட்டார்கள். அந்தப் பாதி வீட்டில், நடுக்கும் குளிரில், உறங்கி எழுவது போல அவர்கள் நடித்தார்கள்.

நிஜம் எது, வேஷம் எது?

இங்கேதான் சிக்கல்.

அந்த ஊர் வேட்டைக்காரர்கள் அப்போதே துப்பாக்கி வைத்திருந்தார்கள். படத்தில் ஈட்டி மட்டும்தான். அல்லாகரியல்லாக்குக்கு கிராமபோன் புதியது அல்ல. படத்தில் அவர் இசைத்தட்டைப் பல்லால் கடித்துப் பார்த்துச் சிரிக்கிறார். அவருடைய மனைவியாக வந்தவரும் அவருடைய மனைவி அல்ல.

பாட்டன் காலத்து வாழ்க்கை மறைவதற்கு முன் அதைப் பதிந்து வைக்க வேண்டும் என்பது பிளாகர்டியின் எண்ணம். அதில் கெட்ட நோக்கம் இல்லை. ஆனால் 1920-ல் அந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது படத்தில் இல்லாமல் போய்விட்டது. தோல் வியாபாரிகளிடம் அவர்கள் பட்ட பாடும் இல்லை. படத்துக்குப் பணம் கொடுத்தவர்களே தோல் வியாபாரிகள் அல்லவா!

1922 ஜூன் 11-ந் தேதி நியூயார்க்கில் படம் வெளியானது. பெரிய வெற்றி. பல நாடுகளில் ஓடியது. அதுவரை பனி நாட்டு மக்களை வேடிக்கைப் பொருளாக நினைத்தவர்கள், பெண்டாட்டி பிள்ளைகளுக்காகப் பாடுபடும் ஒரு தகப்பனைத் திரையில் கண்டார்கள்.

அந்தத் தகப்பன் இரண்டு ஆண்டுகளில் இறந்துபோனார். வேட்டைக்குப் போன இடத்தில் பட்டினியால் இறந்தார் என்று பிளாகர்டி சொல்லி வந்தார். வீட்டிலேயே, அநேகமாகக் காச நோயால் இறந்தார் என்று பின்னால் வந்தவர்கள் எழுதினார்கள்.

மைசூருக்கு வந்தார்

அதன் பிறகு பிளாகர்டி உலகம் சுற்றினார். சமோவா தீவில் ஒரு படம். அதற்கு 1926-ல் விமர்சனம் எழுதிய ஜான் கிரியர்சன், டாக்குமெண்டரி என்ற சொல்லைப் பயன்படுத்தினார். இந்த வகைப் படங்களுக்கு அதுவே பெயராக நிலைத்துவிட்டது. அயர்லாந்துத் தீவு ஒன்றில் எடுத்த படம் 1934-ல் வந்தது. அங்கேயும் பழைய கதைதான். தீவு மக்கள் எப்போதோ கைவிட்ட சுறா வேட்டையை, படத்துக்காக மறுபடி கற்றுக்கொண்டார்கள்.

பிறகு மைசூருக்கு வந்தார். யானைப் பாகன் மகன் சாபு என்ற சிறுவனைக் கண்டுபிடித்தார். அந்தப் படம் 1937-ல் வெளிவந்தது. தாய் தகப்பன் இல்லாத சாபு, பின்னர் ஹாலிவுட் நட்சத்திரம் ஆனான்.

அமெரிக்க அரசாங்கத்துக்காக 1942-ல் ஒரு படம் முடித்தார். மண் கெட்டு, நிலம் இழந்து, கூலி தேடி அலையும் உழவர்களின் கதை அது. இந்தப் படத்தில் பழங்காலம் இல்லை. கண்ணெதிரே நின்ற பசியைக் காட்டினார். ஆனால் அது பரவலாகத் திரையிடப்படவே இல்லை!

1951 ஜூலை 23-ந் தேதி பிளாகர்டி காலமானார். வயது 67.

பேரப் பெண்

ஒரு கதையை அவர் சொல்லவே இல்லை.

இனுக்ஜுவாக்கில் மாகி என்ற பெண்ணுக்கு, 1921 டிசம்பரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் ஜோசபி. தகப்பன் பிளாகர்டி. அதற்கு முன்பே அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். மகனை அவர் பார்க்கவும் இல்லை. தன் மகன் என்று சொல்லவும் இல்லை.

1953-ல் கனடா அரசாங்கம், இனுக்ஜுவாக் குடும்பங்கள் சிலவற்றைச் சுமார் 2 ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய்க் குடியேற்றியது. அங்கே வேட்டை நன்றாகக் கிடைக்கும் என்றது. பிடிக்காவிட்டால் இரண்டு ஆண்டில் திரும்பலாம் என்றும் வாக்குக் கொடுத்தது. 1955-ல் ஜோசபியின் குடும்பமும் போனது.

போன இடத்தில் குளிர்காலத்தில் மூன்று மாதத்துக்கு மேல் சூரியனே தெரியாது. எந்த மிருகம் எங்கே வரும் என்பதும் தெரியாது. திரும்ப வேண்டும் என்று கேட்டவர்களை அரசாங்கம் திருப்பி அனுப்பவில்லை. ஆள் இல்லாத தீவுகளைத் தன் நாடு என்று காட்டவே தங்களைக் கொடிக்கம்பம் போல நட்டுவைத்தார்கள் என்று அந்த மக்கள் பின்னால் குற்றம் சாட்டினார்கள்.

ஜோசபியின் மகள் மார்த்தாவுக்கு அப்போது வயது 5. வளர்ந்து இனூயிட் பெண்கள் சங்கத்தின் தலைவி ஆனார். 1993-ல் விசாரணைக் குழு முன்னால் நின்று, தன் குடும்பம் பட்ட துன்பத்தைச் சொன்னார். மற்றக் குடும்பங்களும் சாட்சி சொன்னார்கள்.

1996-ல் அரசாங்கம் ஒரு கோடி கனடா டாலர் நிதி ஒதுக்கியது. மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அதற்கு மேலும் 14 ஆண்டுகள் ஆயின. 2010 ஆகஸ்டு 18-ந் தேதி கனடா மந்திரி ஒருவர் இனுக்ஜுவாக்குக்கே வந்து, அந்த மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

மார்த்தாவின் வாழ்க்கையையும் ஆவணப்படமாக எடுத்திருக்கிறார்கள். அதில் அவர் தன் சொந்தப் பெயரிலேயே வருகிறார்.