ஜாக்கிக்கும் கால் போச்சு, குதிரைக்கும் கால் போச்சு: ரெட் போலார்டும் சீபிஸ்கட்டும் மீண்டது எப்படி?

1939-ம் ஆண்டு. அமெரிக்காவின் வடக்கு கலிஃபோர்னியாவில் ரிட்ஜ்வுட் என்ற பண்ணை. அங்கே ஒரு மனிதரும் ஒரு குதிரையும் மெல்ல நடந்து போவார்கள். இருவருமே நொண்டுவார்கள். மனிதருக்கு ஊன்றுகோல் வேண்டும். குதிரையை ஓடவிடக் கூடாது. இருவரின் கதையும் முடிந்துவிட்டது என்றுதான் ரேஸ் உலகம் நினைத்திருந்தது.

அந்தக் குதிரை சீபிஸ்கட். அந்த மனிதர் ஜான் போலார்ட். சிவந்த முடி என்பதால் எல்லோருக்கும் 'ரெட்' போலார்ட். 2003-ல் வந்த 'சீபிஸ்கட்' படத்தில் ஸ்பைடர்மேன் புகழ் டோபி மேக்வயர் நடித்தது இவருடைய வேடத்தில்தான்.

ஸ்கேன், லேசர் எதுவும் இல்லாத காலம் அது. அப்போது இந்த இருவரும் எப்படி மீண்டார்கள்? அதற்குப் பிறகு என்ன ஆனது?

யார் இந்த போலார்ட்?

1909-ல் கனடாவின் எட்மண்டன் நகரில் பிறந்தவர். அப்பா செங்கல் தொழிற்சாலை நடத்தினார். 1915-ல் ஆற்றில் வந்த வெள்ளம் அதை அழித்தது. வசதியாக இருந்த குடும்பம் ஒரே அடியில் நொடித்துப்போனது.

குதிரை ஓட்டும் கனவோடு பதினைந்து வயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பினார். உடன் வந்த காப்பாளர், அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பையனை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். கையில் காசில்லை. சின்னச் சின்ன ஊர் ரேஸ்களில் ஓட்டினார், வயிற்றுப்பாட்டுக்குக் குத்துச்சண்டை மேடையும் ஏறினார். பையில் எப்போதும் புத்தகங்கள் இருக்கும். ஷேக்ஸ்பியர் என்றால் அவ்வளவு பிரியம்.

ஜாக்கிகள் பொதுவாகக் குள்ளமாக, எடை குறைந்தவர்களாக இருப்பார்கள். போலார்ட் கொஞ்சம் உயரம். அதனால் எடையைக் குறைக்கப் பட்டினி கிடப்பது வழக்கமானது. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. ஒருநாள் காலைப் பயிற்சியில் முன்னால் ஓடிய குதிரையின் குளம்பிலிருந்து தெறித்தது தலையில் பட்டு, வலது கண்ணின் பார்வை போய்விட்டது. வெளியே தெரிந்தால் ஓட்டவே விடமாட்டார்கள். எனவே மறைத்தார். நெருக்கியடித்து ஓடும் குதிரைகளுக்கு நடுவே ஒற்றைக் கண்ணோடு பல ஆண்டுகள் ஓட்டினார்.

சீபிஸ்கட் வந்த கதை

1936-ல் சார்லஸ் ஹோவர்ட் என்ற கார் வியாபாரி 8,000 டாலருக்கு சீபிஸ்கட்டை வாங்கினார். குட்டையான, கால் கொஞ்சம் வளைந்த, சோம்பேறி என்று பெயர் வாங்கிய குதிரை. பயிற்சியாளர் டாம் ஸ்மித் அதிகம் பேசாதவர். குதிரையை நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்துப் புரிந்துகொள்கிற ஆள். பதற்றமாக இருந்த சீபிஸ்கட்டுக்கு அவர் முதலில் கொடுத்த மருந்து, துணை. பம்ப்கின் என்ற சாதுவான குதிரையை லாயத்தில் கூடவே கட்டினார். ஒரு நாயும் குரங்கும்கூட அங்கே குடியேறின. குதிரை நிம்மதியாகத் தூங்கியது, தீனி எடுத்தது, உடம்பு தேறியது.

அந்த நேரத்தில்தான் வேலை தேடி வந்தார் போலார்ட். குதிரைக்கும் அவருக்கும் ஒத்துப்போனது. அடுத்த ஆண்டே நாட்டில் அதிகப் பரிசுப்பணம் சம்பாதித்த குதிரை சீபிஸ்கட்தான். ஆனால் 1937-ல் பெரிய பரிசான சான்டா அனிட்டா ஹேண்டிகேப் மூக்கு நுனி வித்தியாசத்தில் கைநழுவியது. வலது பக்கமாக நெருங்கி வந்த ரோஸ்மாண்ட் என்ற குதிரை போலார்டின் கண்ணில் படவில்லை. பழி முழுக்க அவர்மேல் விழுந்தது. உண்மைக் காரணத்தை அவரால் சொல்லவும் முடியவில்லை.

1938: அடிமேல் அடி

பிப்ரவரியில் வேறொரு குதிரையில் ஓட்டும்போது கீழே விழுந்தார். குதிரை அவர்மேலேயே சாய்ந்தது. விலா எலும்புகளும் தோள்பட்டையும் உடைந்தன. அதிலிருந்து தேறி வந்த சில மாதங்களில், ஜூன் மாதம், தெரிந்தவருக்கு உதவியாக ஒரு குதிரையைப் பயிற்சிக்கு ஓட்டினார். அது மிரண்டு லாயப் பக்கம் பாய்ந்தது. முழங்காலுக்குக் கீழே கால் நொறுங்கியது.

மாதக்கணக்கில் மருத்துவமனை. எலும்பு சரியாகச் சேரவில்லை. மறுபடி உடைத்து வைக்கவேண்டி வந்தது. அந்தக் காலத்து ஜாக்கிக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. வலியை மறக்க அவர் மதுவைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பழக்கம் பின்னாளிலும் விடாமல் துரத்தியது. அந்த இருட்டு நாட்களில் நல்லது என்று நடந்தது ஒன்றுதான். மருத்துவமனையில் நர்ஸாக இருந்த ஆக்னஸைக் காதலித்தார். 1939-ல் கல்யாணம்.

அந்த நவம்பரில் வார் அட்மிரல் என்ற சாம்பியன் குதிரையை சீபிஸ்கட் நேருக்கு நேர் ஓடித் தோற்கடித்தது. அமெரிக்காவே ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தது. ஓட்டியது நண்பர் ஜார்ஜ் வுல்ஃப். போலார்ட் படுக்கையில் கிடந்தார்.

குதிரைக்கு என்ன ஆச்சு?

1939 பிப்ரவரியில் ரேஸ் நடுவிலேயே சீபிஸ்கட்டின் இடது முன்னங்காலில் லிகமென்ட் கிழிந்தது. குதிரையின் முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது, எலும்பும் நார்களும்தான். காலின் பின்பக்கம் ஒரு தூளி மாதிரி மூட்டைத் தாங்கிப் பிடிப்பது இந்த லிகமென்ட். நாலுகால் பாய்ச்சலில் ஒரு கட்டத்தில் மொத்த உடம்பின் எடையும் ஒற்றைக் காலில் இறங்கும். அந்தத் தூளி அறுந்தால் ரேஸ் வாழ்க்கை அநேகமாக அவ்வளவுதான்.

ஹோவர்ட் குதிரையைத் தன் ரிட்ஜ்வுட் பண்ணைக்கு அனுப்பினார். போலார்டையும் அங்கேயே தங்கவைத்தார்.

நடைதான் வைத்தியம்

பண்ணையில் நடந்தது ரொம்ப சிம்பிள். முதலில் ஓய்வு. பிறகு கையில் பிடித்தபடி நடை. கால் தாங்கத் தாங்க தூரத்தைக் கூட்டுவது. அடுத்து போலார்டே சேணத்தில் ஏறி உட்கார்ந்து நடத்துவது. கடைசியாக மெல்லோட்டம். குதிரை காலைத் தூக்கி வைக்கும் விதத்தில் சின்ன மாற்றம் தெரிந்தாலும் வேகத்தைக் கூட்டக் கூடாது. குதிரையோடு சேர்ந்து போலார்டின் காலும் வலுவேறியது. ஒருவருக்கு ஒருவர் பிசியோ!

இது ஏன் வேலை செய்கிறது? லிகமென்டுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். கிழிந்த இடத்தில் முதலில் உருவாகும் இழைகள் சிக்கலான நூல்கண்டு மாதிரி தாறுமாறாக இருக்கும். அளவான பாரம் விழ விழத்தான் அவை ஒரே திசையில் சீராக அடுக்கிக்கொள்ளும். படுத்தே கிடந்தால் இழைகள் சீராகாது, பலவீனமாகிவிடும். அவசரப்பட்டு ஓடினால் மறுபடி கிழியும். எலும்பும் இப்படித்தான்: தாங்கும் பாரத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-லேயே இதை எழுதிவிட்டார்.

இன்று கால்நடை மருத்துவர்கள் இதே வரிசையைத்தான் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். டர்ஃப் கிரிக்கெட்டில் கணுக்கால் பிசகியவருக்கு பிசியோ சொல்லும் அட்டவணையும் அடிப்படையில் இதுதான்.

வலியை அமுக்கினால் என்ன?

ஃபினைல்ப்யூட்டசோன் என்ற வலிநிவாரணி 1950-களில் குதிரை லாயங்களுக்குள் பரவியது. மருத்துவத்தில் அதற்கு நியாயமான இடம் உண்டு. ஆனால் மருந்து வலியைக் குறைக்கும்; கிழிந்த நாரைத் தைக்காது. வலி தெரியாத குதிரை ஆறாத காலோடு முழுவேகத்தில் ஓடும். வலிக்கிறது என்று அதற்குச் சொல்லவும் தெரியாது. 1968 கென்டக்கி டெர்பியில் முதலில் வந்த டான்சர்ஸ் இமேஜ் குதிரையின் உடலில் இந்த மருந்து இருந்ததால் வெற்றியே பறிக்கப்பட்டது. வலி ஓர் எச்சரிக்கை மணி. ரிட்ஜ்வுட்டில் அந்த மணியைக் கேட்டுத்தான் அடுத்த அடி வைத்தார்கள்.

1940 மார்ச் 2

ஏழு வயதில் சீபிஸ்கட் மீண்டும் களத்துக்கு வந்தது. முதல் ரேஸில் மூன்றாவது இடம். அடுத்ததில் ஆறாவது. அதற்கடுத்ததில் வெற்றி. பிறகுதான் இரண்டு முறை மூக்கு நுனியில் தவறிய அதே சான்டா அனிட்டா ஹேண்டிகேப்.

போலார்டை ஓட்டவிட ஹோவர்டுக்குத் தயக்கம். கால் இன்னும் முழுதாகத் தேறவில்லை. ஒரு சின்ன மோதலிலேயே மறுபடி நொறுங்கலாம் என்பது டாக்டர்களின் பயம். ஆக்னஸ் கர்ப்பமாக இருந்தார். வீட்டில் பணமும் இல்லை. போலார்ட் விடாப்பிடியாக நின்றார். காலை இறுகக் கட்டிக்கொண்டு ஏறினார்.

சுமார் 2 கிலோமீட்டர் ஓட்டம். நடுவில் முன்னால் இரண்டு குதிரைகள் சுவர் மாதிரி வழியை அடைத்தன. சின்ன இடைவெளி கிடைத்ததும் சீபிஸ்கட் உள்ளே புகுந்து பாய்ந்தது. கால்கள் தாங்கின. இருவருடைய கால்களும்! அந்த மைதானத்தின் புதிய சாதனை நேரத்தோடு வெற்றி. உலகிலேயே அதிகப் பரிசுப்பணம் சம்பாதித்த குதிரை என்ற பட்டமும் சேர்ந்தது.

அதன் பிறகு

அடுத்த மாதமே சீபிஸ்கட்டுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அது ரிட்ஜ்வுட்டில் புல் மேய்ந்து, குட்டிகளுக்குத் தகப்பனாகி, 1947-ல் இறந்தது.

போலார்டுக்கு அப்படி ஓய்வு கொடுக்க யாரும் இல்லை. குடும்பம் இருந்தது. தெரிந்த தொழில் அது ஒன்றுதான். 1955 வரை ஓட்டினார். மறுபடியும் மறுபடியும் விழுந்தார், எலும்புகள் உடைந்தன. பிறகு ரேஸ் மைதானத்திலேயே தபால் பிரித்தார். மற்ற ஜாக்கிகளின் பூட்ஸைத் துடைத்துக் கொடுத்தார்.

ஆற வேண்டிய காலம், அளவான பாரம், பொறுமையாகப் பார்த்துக்கொள்ள ஆள் — இந்த மூன்றும் இருந்ததால் 1939-ல் இரண்டு பேரும் எழுந்தார்கள். குதிரைக்கு அவை கடைசி வரை கிடைத்தன. மனிதருக்குக் கிடைத்தது அந்த ஒரு வருடம்தான்.

1981-ல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பாடக்கெட் நகரில், ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் போலார்ட் காலமானார். இரண்டு வாரத்தில் ஆக்னஸும் போய்ச் சேர்ந்தார். அந்த இல்லம் நின்றது பழைய நாரகான்செட் ரேஸ் மைதானம் இருந்த நிலத்தில். போலார்ட் ஒருகாலத்தில் குதிரை ஓட்டிய மைதானம் அது.